டாக்டர் கேட்டது அப்பிச்சியை இல்லை

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். சிலோன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புவரை படித்தேன். அதிலும் கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் தம்பியைப் பார்த்துக்கொண்டு, கைக்குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்துவிட்டதால், பாதி எழுத்துகள் எனக்கு அறிமுகமே ஆகவில்லை. ஆகவே எனக்கு எழுத வரும், நான் எழுதினதைப் படிக்கத்தான் வராது. இதைச் சொன்னால் பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலை வேளை போகிறது. எனக்கு வேறு வேலையும் இல்லை, அவசரமும் இல்லை.

இதை எழுதச் சொன்னது ஒரு டாக்டர். உங்கள் குடும்பத்தில் யார் யார், எந்த வயதில், எப்படி இறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்று என் மகனிடம்தான் சொன்னார். மகனுக்கு அதில் பாதி தெரியாது. மீதிப் பாதி தப்பாகத் தெரியும். தப்பாகத் தெரியவைத்தவள் நான். அதனால் நானே உட்கார்ந்தேன். அவர் கேட்டது ஒரு தாள். எனக்கு நோட்டுப் பாதி முடிந்துவிட்டது. சுருக்கமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

நாங்கள் இருப்பது கூடலூரை அடுத்த ஓவேலிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் வரிசையாக எட்டு வீடு. முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் எட்டாம் வீட்டில் தும்முவார்கள். கப்பலேறி இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தேன். என் கூடையைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனால் இப்போது வேறு யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்: முற்றின இலை ஒன்றுகூட இருக்காது. பாக்டரியில் சாக்கைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளி, மேசைமேல் பரப்பி, நல்ல கொழுந்து எத்தனை, முற்றல் எத்தனை என்று பிரித்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு கைப்பிடிதான் முழுச் சாக்குக்கும் சாட்சி. ஒருநாள் என் கைப்பிடியில் முற்றல் அதிகமாக வந்துவிட்டது. அது என் இலை இல்லை, பக்கத்துச் சாக்கிலிருந்து சிந்தினது என்று கணக்குப்பிள்ளையோடு அரைநாள் சண்டை போட்டேன். அவர் பயந்துபோய் வேறு கைப்பிடி எடுத்தார். அது என் இலைதான். அன்றைக்கு எனக்குப் பல்வலி, கை போன போக்கில் பறித்திருந்தேன். இதை இப்போதுதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு சம்பந்தி வாய்த்தார்.

என் கடைசி மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். அங்கே பழகின அன்னூர்ப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறகு தோட்டத்து பாக்டரி வேலைக்கே திரும்பி வந்துவிட்டான். மருமகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுடைய அப்பாவோடுதான் ஒத்துவரவில்லை. ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். கல்யாணப் பேச்சுக்கு முதல்முறை எங்கள் லயத்துக்கு வந்தபோது, வீட்டில் இருந்ததிலேயே நல்ல தூளைப் போட்டு, பால் விடாமல் பிளேன்டீ எடுத்து, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்துக் கொடுத்தேன். சிலோன்காரர்கள் பெரிய மனிதர்களுக்கு அப்படித்தான் கொடுப்போம். பால் விட்டால் தூளின் தரம் மறைந்துபோகும். அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பால் தீந்துபோச்சுங்களா? நான் வேணா கடைக்குப் போயி ஒரு பாக்கெட்டு வாங்கியாரட்டுங்களா?"

சொல்லிவிட்டு உண்மையிலேயே எழுந்து செருப்பை மாட்டினார். நல்ல மனதோடு கேட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எட்டு வீட்டுக்கும் கேட்டுவிட்டதே என்பதுதான் எனக்குத் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் அதை நெஞ்சிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம் பேத்தி பிறந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அப்பிச்சி என்பார்கள். எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லே கிடையாது, தாத்தா என்றால் முடிந்தது. குழந்தை முதன்முதலில் திருத்தமாகச் சொன்ன வார்த்தை அப்பிச்சி. வளர்க்கிறவள், அப்பாவைப் பெற்றவள் நான், அப்பாயி என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. அதற்கும் அவரைத்தான் குற்றம் சொன்னேன். லயத்தில் எங்கேயாவது அப்பிச்சி என்று காதில் விழுந்தால், நான் கழுவுகிற பாத்திரம் கொஞ்சம் பலமாகச் சத்தம் போடும்.

பேத்திக்கு இப்போது ஒன்பது வயது நடக்கிறது. போன வருஷ மழையில் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பிறகும் பிள்ளை பழையபடி ஆகவில்லை. பள்ளிக்கூட பஸ் நிற்கிற இடத்திலிருந்து லயத்துக்குத் தொண்ணூறு படி. ஒரே ஓட்டமாக வருகிறவள், மூன்று இடத்தில் உட்கார்ந்து வர ஆரம்பித்தாள். நான் மேலே நின்றுகொண்டு சோம்பேறிக் கழுதை என்று திட்டினேன். அதோடு விடவில்லை. கீழே இறங்கிப் போய், அவள் கண்முன்னால் தொண்ணூறு படியையும் நிற்காமல் ஏறிக் காட்டினேன். அந்த வயதில் எட்டு வயதுப் பிள்ளையோடு பந்தயம் வைத்து ஜெயித்த கிழவி இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

கால் வீங்கினபோதுதான் மகன் பயந்தான். கூடலூரில் காட்டினோம். அங்கே ஊட்டிக்குப் போகச் சொன்னார்கள். போகிற வழியில் நடுவட்டத்தில் பஸ் நின்றது, எல்லோரும் டீக்கு இறங்கினார்கள். எப்போதும் அந்த இடத்தில் வர்க்கி வேண்டும் என்று உயிரை எடுக்கிறவள், ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி வேண்டாம் என்றாள். அப்போது என் வாய் தானாக மூடிக்கொண்டது. ஊட்டியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொள்ள முடியாது, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

கோயம்புத்தூர் டாக்டரம்மா என் கடைசி மகளைவிட இளையவர். பொறுமையாகச் சொன்னார். குழந்தையின் இதயத்துச் சதை தடித்து விறைத்துப் போயிருக்கிறது. இரண்டு காரணம் இருக்கலாம். காய்ச்சல் கிருமி இதயத்தில் இறங்கிச் சதையைப் புண்ணாக்கியிருந்தால், அதற்கு மருந்து கொடுத்து ஆறவைக்கப் பார்க்கலாம். அப்படியில்லாமல் சதையே பிறவியிலிருந்து கோளாறாக, குடும்பவழியாக வந்ததாக இருந்தால், வைத்தியமே வேறு. ஆயுசு முழுக்க மருந்து, ஓடக்கூடாது, வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் குழந்தைக்கு ஆகாது. ஆகவே எது என்று தெரிந்தாக வேண்டும்.

சொல்லிவிட்டு எங்களைக் கேட்டார். "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

என் மகன் சொன்னான். "எங்க அண்ணன். பதினேழு வயசுல. ஆனா அது பாம்பு கடிச்சுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "பாம்புதானுங்களா அம்மா?"

"பாம்புதான்," என்றேன். "கண்ணாடி விரியன்."

கேட்காமலே பாம்பின் ஜாதியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தாளில் ஏதோ எழுத ஆரம்பித்ததைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

டாக்டரம்மா சொன்ன பரம்பரை என்ற சொல்லை அதற்குமுன் நான் நிலபுலம் உள்ளவர்கள் வாயில்தான் கேட்டிருக்கிறேன். ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி வந்தவளிடம் பரம்பரையாக என்ன இருக்கும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அப்படி ஏதாவது வந்திருந்தால் அது தென்னந்தோப்பு வைத்திருக்கிற அன்னூர்க்காரர் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று முடிவும் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். மகனும் மருமகளும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் கதவோரத்து நாற்காலியில். பாக்டரியில் இலை சுருட்டுகிற மிஷின் பக்கத்தில் சில வருஷம் நின்றதில் எனக்கு இடது காது மந்தம். அந்தக் காதுதான் டாக்டர் பக்கம் இருந்தது. என் காதில் விழுந்தது இதுதான்:

"அப்பிச்சிய எடுத்துப் பாத்தாத்தான் பரம்பரையா வந்ததான்னு சொல்ல முடியும்."

மருமகள் உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னால் அழமாட்டாளா? எனக்குச் சந்தேகமே வரவில்லை. மகன் எப்போது என்று கேட்டான். நாளை மறுநாள் காலையில், வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்றார். கழுத்து நரம்பு வழியாக உள்ளே போய், இதயத்திலிருந்து கடுகளவு கடுகளவாகச் சதையைக் கிள்ளி எடுப்போம் என்றார். ஆபத்து கொஞ்சம் உண்டு, யோசித்துத்தான் செய்கிறோம், கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எல்லாம் கேட்டது. எல்லாம் பொருந்தியது. பாவம் கிழவன் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கடைசியில் அவர் பக்கம்தான். டாக்டரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார்.

மகனும் மருமகளும் குழந்தையிடம் போனார்கள். நான் வராந்தாவுக்குப் போய் என் பட்டன் போனை எடுத்தேன். நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் அல்லவா?

"சம்பந்தி, உங்க வம்சத்துலதான் இந்த வியாதி இருக்குதாம். உங்க நெஞ்சுல இருந்து சதையைக் கிள்ளிப் பாக்கணும்னு டாக்டர் கூப்புடறாங்க. கழுத்து வழியா எடுப்பாங்களாம்."

சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"எத்தன மணிக்கு வரோணுமுங்க?" என்றார்.

நாளை மறுநாள் காலையில், வெறும் வயிறாக என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார். நான் தயாராக வைத்திருந்த பதிலெல்லாம் வீணாகப் போயிற்று.

சொன்ன நாள் காலையில் குழந்தையைச் சக்கரக் கட்டிலில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்குப் புரியவில்லை. அவரை எடுக்க வேண்டியதற்கு இவளை ஏன் கொண்டுபோகிறார்கள் என்று நர்ஸைக் கேட்க வாயெடுத்தபோது, வராந்தா முனையில் சம்பந்தி வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி. நெற்றியில் திருநீறு. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மாற்று வேட்டி, சோப்பு, அவருடைய முழங்காலுக்கு எப்போதோ எடுத்த எக்ஸ்ரே. நேரே நர்ஸிடம் போய் நின்று, பையைக் கீழே வைத்தார்.

"புள்ளையோட அப்பிச்சிங்க. வந்துட்டனுங்க. பச்சத் தண்ணி கூடக் குடிக்கல. எங்க படுக்கோணுமுங்க?"

நர்ஸ் நாடுகாணிப் பக்கத்துப் பெண், தமிழும் மலையாளமும் கலந்து பேசும். ரிஜிஸ்டரைப் புரட்டியது. அவரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. யார் வரச் சொன்னது என்று கேட்டது. டாக்டர்தான் என்று நான் சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டது. அப்பிச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் என்றேன். அந்தப் பெண் ரிஜிஸ்டரை மூடி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டது. தோள் மட்டும் குலுங்கியது.

"அம்மச்சி, அது பயாப்ஸி. அப்பிச்சி அல்ல. கொச்சுக்கு செய்யற டெஸ்டோட பேராணு."

அதாவது, சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கிற சோதனைக்கு இங்கிலீஷில் அப்படி ஒரு பெயர். குழந்தையின் இதயத்திலிருந்தேதான் எடுக்கிறார்கள். கிழவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

சம்பந்தி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவருக்கு வந்தது வேறு. "அப்ப உள்ளார போயிருக்கறது நம்ம புள்ளைங்களா?" என்றார். அதுவரை நின்றுகொண்டிருந்தவர் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். தன் கழுத்தைக் கையால் தடவிக்கொண்டார். அங்கே கத்தி வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்த மனிதர்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு இடமும் இல்லை. மகனும் மருமகளும் அந்தப் பெரிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இட்லி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். குழந்தை கண் விழிக்கட்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே சொன்னார். நான் போன் செய்த அன்றே அவர் எதற்கென்று சொல்லாமல் ஆஸ்பத்திரி நம்பரை மகளிடம் வாங்கி, போனை எடுத்தவரிடம் தன் வீட்டுச் சங்கதியெல்லாம் சொல்லிவிட்டாராம்.

"எங்கப்பன் சாராயத்துல போனானுங்க. சித்தப்பன் ஒருத்தன் கெணத்துல உழுந்துட்டான். அத்தைக்குப் புத்தி சரியில்ல. ஒண்ணு உடாமச் சொல்லிப்போட்டனுங்க. மானம் போனாப் போவுது. நாம மறச்சு வெச்சா டாக்டரு எப்புடிங்க கண்டுபுடிப்பாரு?"

ஊரே மெச்சுகிற மனிதர், அப்பா சாராயத்தில் செத்ததை முன்பின் தெரியாத ஆஸ்பத்திரிக்காரரிடம் போனில் சொல்லியிருக்கிறார். நான் கண்ணாடி விரியன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாம்பு இல்லை. இதை எழுதத்தான் இந்த நோட்டை வாங்கினேன்.

என் மூத்த மகன் கெட்டிக்காரன். பதினாறு வயதிலேயே கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு ஏறுவான். கடைசி வருஷம் அவனும் ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார ஆரம்பித்தான். அவனையும் சோம்பேறிக் கழுதை என்றுதான் திட்டினேன். எனக்கு வேறு வசவு தெரியாது. ஒருநாள் நாலாவதாகவும் ஓர் இடத்தில் உட்கார்ந்தான். சாக்கைப் பத்திரமாக இறக்கி, கல்லோரம் சாத்தி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது எழுப்ப முடியவில்லை. உடம்பில் எங்கேயும் பல் பட்ட அடையாளம் கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் பார்த்தோம். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள் இருந்தார்கள். நெஞ்சு நின்று செத்தான் என்றால் வம்சத்தில் வியாதி என்பார்கள். பாம்பு என்றால் விதி என்பார்கள். மலையிலிருந்து இறங்குவதற்குள் நான் பாம்பு என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் மறுத்துப் பேசவில்லை. அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பாம்பை எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிச் சொல்லி அது எங்கே இருந்தது, எப்படி ஓடினது என்பதுகூட எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்திருந்தது.

பேத்தி படியில் உட்கார்ந்த முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகத் திட்டினேன்.

டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, நல்லபடியாக முடிந்தது, தூங்குகிறாள், கழுத்தில் ஒரு பிளாஸ்திரிதான் என்றார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். நான் எழுந்து அவர் முன்னால் நின்றேன்.

"பாம்பு இல்லம்மா," என்றேன். "என் மகன் செத்தது. பாம்பு கடிக்கல. ஏற்றத்துல சாக்கை இறக்கி வச்சிட்டு உக்காந்தான், அப்படியே போயிட்டான்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவனுக்கு மூச்சு வாங்கியதா, கால் வீங்கியதா, எப்போதாவது மயக்கம் போட்டானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். "மைக்ராஸ்கோப்ல பாக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். இப்பவாவது சொன்னீங்களே," என்றார். அவ்வளவுதான்.

என் மகன் சுவரில் சாய்ந்து நின்றான். அண்ணன் போனபோது அவனுக்கு ஆறு வயது.

"ஏம்மா, அந்தப் பாம்புக்குப் பயந்து நான் இன்னிக்கு வரைக்கும் பூட்ஸ் இல்லாம தேயிலைக்குள்ள காலை வச்சதில்லையே. ஒவ்வொரு செடியையும் குச்சியால தட்டிட்டுத்தானே எறங்குவேன். லயமே சிரிக்கும்."

நான் பெற்ற பாம்பு, நாற்பது வருஷமாக அவனைத் துரத்தியிருக்கிறது.

அந்த நர்ஸ் பெண் எனக்குக் குப்பிகளைக் காட்டியது. சின்னச் சின்னக் குப்பி, அதில் மிதக்கிற துணுக்கு. தேயிலை சலிக்கும்போது கடைசிச் சல்லடைக்குக் கீழே விழுகிற டஸ்ட் தூள் இருக்குமே, அதைவிடக் கொஞ்சம் பெரிது. இதைக் கொண்டு முழு இதயத்தையும் எப்படிச் சொல்வீர்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அதனால்தான் ஒரே இடத்தில் எடுக்காமல் ஐந்தாறு இடத்தில் எடுத்தோம் என்றார். எங்கள் பாக்டரியில் யாரும் ஐந்தாறு கைப்பிடி எடுத்ததில்லை. எடுத்திருந்தால் அந்தப் பல்வலி நாளில் நான் மாட்டியிருப்பேன். கிள்ளின இடம் மறுபடி துளிர்க்குமா என்றும் கேட்டேன். துளிர்க்காது, சின்னத் தழும்பாகி மூடிக்கொள்ளும், அவ்வளவு சின்ன இடம் இதயத்துக்குத் தெரியாது என்றார். ஆயுசு முழுக்கக் கிள்ளினவள் நான். கிள்ளினால் வளராத ஒன்றை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

முடிவு வரச் சில வாரம் ஆயிற்று. ஒரு துணுக்கை இன்னும் பெரிய மைக்ராஸ்கோப் இருக்கிற ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். புண்ணான அடையாளம் இல்லை. காய்ச்சல் காரணமில்லை. சதை நார்கள் வரிசையாக இல்லாமல் தாறுமாறாகக் கிடக்கின்றன, இது குடும்பவழி வருகிற வகைதான் என்றார்கள். இரத்தத்திலும் அதையே பார்த்து உறுதி செய்தார்கள். குழந்தையின் மருந்தை மாற்றினார்கள். கால் வீக்கம் வடிந்தது. மூச்சு முன்னைவிடப் பரவாயில்லை. ஓடக்கூடாது, பந்தயம் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பிற்காலத்தில் நெஞ்சில் ஒரு கருவி வைக்க வேண்டி வரலாம், வராமலும் போகலாம்.

பிறகு எங்கள் எல்லோரையும் ஸ்கேன் பார்த்தார்கள். என் முறை வந்தபோது, எழுபத்தைந்து வயதில் தொண்ணூறு படி ஏறின இதயம் இது, வீணாக உங்கள் மிஷினுக்குத்தான் தேய்மானம் என்று ஸ்கேன் எடுக்கிற பெண்ணிடம் சொன்னேன். அந்தப் பெண் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தது. அப்புறம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டது.

"உங்ககிட்டயும் இருக்குங்க பாட்டி. லேசா. உங்ககிட்ட இருந்து உங்க மகனுக்கு, அவர்கிட்ட இருந்து குழந்தைக்கு. சிலரை இது ஒண்ணும் பண்ணாது. சிலரை ரொம்பப் படுத்திடும்," என்றார் டாக்டரம்மா.

அதாவது, பரம்பரைச் சொத்து நான்தான் கொடுத்திருக்கிறேன். டிரங்குப் பெட்டியில் இல்லை, அதை நெஞ்சிலேயே வைத்துக் கொண்டு வந்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய நேரம். ஆனாலும், வியாதிகூட என்னிடம் வாலாட்டப் பயந்திருக்கிறது என்று உள்ளே ஓர் ஓரத்தில் பெருமை எட்டிப் பார்த்ததை மறைப்பதற்கில்லை. பழக்கம் எளிதில் போகாது.

வீட்டுக்கு வந்து மூன்று மகள்களுக்கும் போன் போட்டேன். பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பாருங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பாம்பைச் சொல்ல வேண்டும். மூன்று முறை சொன்னேன். மூத்தவள் என்னோடு பத்து நாள் பேசவில்லை. எங்கள் கல்யாணத்துக்காக அண்ணன் செத்ததையே மாற்றினாயா என்று கேட்டவள், மறுபடி போன் செய்தபோது, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பார்த்துவிட்டோம், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசியாகத்தான் சம்பந்திக்குப் போன் செய்தேன். அதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று.

"சம்பந்தி, உங்க பக்கம் இல்ல. எங்க பக்கந்தான். என்கிட்ட இருந்துதான் வந்திருக்கு."

"அப்பப் புள்ளைக்கு இப்பச் சரியான மருந்துதானுங்களே குடுக்கறாங்க?"

"சரியான மருந்துதான்."

"அது போதுமுங்க," என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமினார். "ஆனா ஒண்ணுங்க சம்பந்தி. அடுத்தவாட்டி என்னக் கூப்புடறதா இருந்தா, டாக்டருகிட்ட ஒருக்கா நல்லாக் கேட்டுப்போட்டுக் கூப்புடுங்க. வெறும் வயித்தோட அன்னூர்ல இருந்து நின்னுட்டே வந்தனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இந்தக் கதையை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். போகட்டும்.

இனி ஒன்றுதான் பாக்கி. பேத்தியிடம் மகனும் மருமகளும் இதுவரை எதையும் முழுதாகச் சொல்லவில்லை. நெஞ்சில் கொஞ்சம் சளி, பெரியவளானால் போய்விடும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் பொய் சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் பள்ளிக்கூடத்தில், சளிதானே என்று இவள் மற்ற பிள்ளைகளோடு ஓடப் பார்த்திருக்கிறாள். டீச்சர் பார்த்து நிறுத்தினார். அன்று மாலை நான் மகனிடமும் மருமகளிடமும் பேசினேன். டாக்டரும் சொல்லத்தான் சொன்னார் என்றாள் மருமகள். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் வாயால் சொல்லத் தெரியாது, கூடக் குறையச் சேர்த்துவிடுவேன். எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்கும் கை வலிக்கிறது, அதனால் பொய் கொஞ்சம் குறைகிறது.

பள்ளிக்கூட பஸ்ஸில் இறங்கி, மூன்று இடத்தில் உட்கார்ந்து, இப்போதுதான் மேலே வந்திருக்கிறாள். நான் திட்டவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன அப்பாயி, எழுதி முடித்துவிட்டாயா என்கிறாள்.

முடிச்சிட்டேன். இந்தா, முதல் பக்கத்துல இருந்து வாசி கண்ணு. எனக்கு வாசிக்க வராது. எழுத்து புரியாத இடத்துல கேளு, சொல்றேன். இது உன்னைப் பத்தினதுதான். மெதுவா வாசி. மூச்சு வாங்கினா நிறுத்திக்க, நான் இங்கதான் இருக்கேன்.